பார்டை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?

பால்டர்ஸ் கேட் 3 என்னும் வீடியோ விளையாட்டில், இசையால் மந்திரம் போடும் பார்ட் என்னும் பாணன் மூன்றாவது லெவலுக்கு வந்ததும், எந்தக் கல்லூரி, அதாவது எந்தச் சிறப்புப் பிரிவு, என்று திரை கேட்கும். லோர், வேலர், ஸ்வோர்ட்ஸ் ஆகிய மூன்றும் விளையாட்டு வெளியான 2023ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றன. 2025 ஏப்ரலில் வந்த எட்டாவது பேட்ச் (புதுப்பிப்பு), கிளாமர் என்ற நான்காவதையும் சேர்த்தது. யாரிடம் யோசனை கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்வோர்ட்ஸ் என்பார்கள். தனியாக விளையாடுகிறவருக்கு அந்தப் பதில் சரிதான். மூன்று மனிதர்களோடு சேர்ந்து ஆன்லைனில் விளையாடுகிறவர் வேறு கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் அடிக்கடி வருவார்கள். நான் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் கடையில் கணக்கு எழுதுகிறேன். பார்ட் என்னுடையது. என் கணவர் ஃபைட்டர் என்னும் போர்வீரன். கொழுந்தன் ஷார்ஜாவிலிருந்து விஸார்ட் என்னும் மந்திரவாதியாக வருகிறான். நாத்தனார் மகன் நாகர்கோவிலில் பொறியியல் படிக்கிறான்; ரோக் என்னும் திருடன் அவனுடையது. இந்த விளையாட்டில் ஒரே சமயத்தில் நான்கு பேர்தான் சேர முடியும் என்பதால் எங்கள் வரிசை அதோடு நிரம்பிவிட்டது. இங்கே இரவு பத்து மணி ஆகும்போது ஷார்ஜாவில் எட்டரை. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் கொழுந்தன் உட்காருவான். களைத்துப்போன ஆள் எந்தப் பொத்தானை அழுத்துவான், எதை அழுத்தமாட்டான் என்பதும் கல்லூரித் தேர்வில் சேரும்.

எல்லாம் சுற்றிவருவது இன்ஸ்பிரேஷன் என்னும் ஊக்கப் பகடையைத்தான். பார்ட் தன் போனஸ் ஆக்ஷனில் (தன் முறையில் கிடைக்கும் கூடுதல் சிறு செயலில்) ஒரு கூட்டாளிக்கு அதைக் கொடுக்கலாம். தனக்கே கொடுத்துக்கொள்ள முடியாது. வாங்கியவர் தாக்கும்போதோ, ஒரு திறனைச் சோதிக்கும்போதோ, மந்திரத்திலிருந்து தப்பும்போதோ உருட்டிய பகடையின் எண் கொஞ்சம் குறைந்தால், பகடையைச் சேர்க்கட்டுமா என்று திரை அவரையே கேட்கும். தொடக்கத்தில் அது ஆறு முகப் பகடை. ஐந்தாவது லெவலில் எட்டு முகம். பத்தாவதில் பத்து முகம். நான்காவது லெவல் வரை நீண்ட ஓய்வு (முகாமில் இரவுத் தூக்கம்) எடுத்தால்தான் செலவான பகடைகள் திரும்பும். ஐந்திலிருந்து குட்டி ஓய்வுக்கே திரும்பிவிடும். ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே எல்லாருக்கும் இரண்டு குட்டி ஓய்வுகள் உண்டு. பார்டுக்கு இரண்டாவது லெவலில் வரும் ‘சாங் ஆஃப் ரெஸ்ட்’ மூன்றாவதாக ஒன்றைத் தருகிறது. ஆகவே ஐந்தாவது லெவலுக்குப் பிறகு, காலையில் நிறைந்திருப்பதோடு இன்னும் மூன்று முறை பகடைகள் நிரம்பும். கஞ்சத்தனம் வேண்டியதில்லை.

நான்கு கல்லூரிகளும் இந்த ஒரே கையிருப்பிலிருந்துதான் செலவு செய்கின்றன. லோர் அதை எதிரியைக் கெடுக்கச் செலவழிக்கிறது. வேலர் கூட்டாளிக்குக் கொடுக்கிறது. ஸ்வோர்ட்ஸ் தன் ஆயுதத்துக்கே வைத்துக்கொள்கிறது. கிளாமர் பக்கத்தில் நிற்கும் எல்லாருக்கும் ஒரேயடியாகப் பங்கிடுகிறது. “எது பலமானது” என்று கேட்பதற்கு முன், “என் பகடை யாருக்குப் போக வேண்டும்” என்று கேளுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கல்லூரியோடு சம்பந்தமில்லாதவற்றையும் தனியே ஒதுக்கிவிடலாம். பேச்சுத் திறமைக்காக லோரை எடுத்தேன் என்று பலர் சொல்கிறார்கள். தேவையே இல்லை. எந்தக் கல்லூரி பார்டும் மூன்றாவது லெவலில் இரண்டு திறன்களில் எக்ஸ்பர்டீஸ் என்னும் இரட்டிப்புத் தேர்ச்சி பெறுகிறான். பேசி இணங்கவைக்கும் பெர்சுவேஷனை அதில் ஒன்றாக வைத்துக்கொண்டால் போதும். காயம் ஆற்றும் ஹீலிங் வேர்ட், வாயாலேயே எதிரியைக் குத்தும் விஷியஸ் மாக்கரி, ஹோல்ட் பெர்சன், ஹிப்னாட்டிக் பேட்டர்ன் ஆகிய மந்திரங்கள் எல்லாம் நான்கு கல்லூரிகளுக்கும் பொது. ஆன்லைனில் பேச்சு கெடுவதற்குக் காரணமே வேறு. யார் முதலில் போய்ப் பேச்சைத் தொடங்குகிறாரோ, அவருடைய பாத்திரத்தின் திறன்தான் அங்கே செல்லும். எங்கள் நாத்தனார் மகன் கண்ணில் படும் ஒவ்வொருவரிடமும் ஓடிப்போய் நிற்பான். அவனுடைய ரோக்கின் கரிஸ்மா என்னும் பேச்சுக்கவர்ச்சி வெறும் எட்டு. “மக்களே, கொஞ்சம் பின்னால் நில்” என்று ஹெட்போனில் சொல்வதைவிட எந்தக் கல்லூரியும் எங்கள் பேச்சுவார்த்தைகளுக்கு உதவியதில்லை.

லோரிலிருந்து தொடங்குகிறேன். இதன் ஆயுதம் ‘கட்டிங் வேர்ட்ஸ்’. எதிரி தாக்கும் நேரத்தில் பார்ட் ஒரு ரியாக்ஷனாக (பிறர் முறையில் செய்யும் எதிர்வினையாக) குத்தலாக ஏதாவது சொல்ல, எதிரியின் எண்ணிலிருந்து ஒரு பகடை கழிகிறது. நண்பனுக்குக் கொடுத்துவிட்டு அவன் எப்போது பயன்படுத்துவான் என்று காத்திருக்க வேண்டாம். கட்டுப்பாடு முழுவதும் உங்கள் கையில். ஆறாவது லெவலில் மற்ற பார்டுகளுக்கு இல்லாத ஒரு சலுகையும் உண்டு: வேறு வகுப்புகளின் மந்திரங்களிலிருந்து இரண்டை எடுத்துக்கொள்ளலாம். மற்ற மூன்று கல்லூரிகளும் அதற்குப் பத்தாவது லெவல் வரை காத்திருக்க வேண்டும். விளையாட்டே பன்னிரண்டோடு முடிகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், நான்கு லெவல் முந்துவது பெரிய விஷயம்.

அந்த இரண்டு மந்திரங்களை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பார்டின் நல்ல மந்திரங்களில் பெரும்பாலானவை கான்சென்ட்ரேஷன் கேட்பவை: ஃபேரி ஃபயர், ஹீட் மெட்டல், ஹோல்ட் பெர்சன், ஹிப்னாட்டிக் பேட்டர்ன். ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்து வைக்க முடியும். புதிதாக எடுப்பது கூட்டாளியை வேகப்படுத்தும் ஹேஸ்டாக இருந்தால் அதுவும் அதே வரிசையில் போய் நிற்கும். ஒன்றைப் போடும்போது மற்றது கலைந்துவிடும். நெருப்பை வீசும் ஃபயர்பாலும், எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல்லும் அப்படிப்பட்டவை அல்ல. நான் எடுப்பதாக இருந்தால் அந்த இரண்டையும்தான் எடுப்பேன். கவுன்டர்ஸ்பெல்லில் வேறொரு சிக்கல் உண்டு: அதுவும் ரியாக்ஷன், கட்டிங் வேர்ட்ஸும் ரியாக்ஷன், ஒரு சுற்றுக்கு ஒரு ரியாக்ஷன்தான். அம்பு விடுகிறவனைத் திட்டித் தீர்த்துவிட்டால், அவனுக்குப் பின்னால் நிற்கும் மந்திரவாதியை விட்டுவிட வேண்டியதுதான். எதிரிகளில் மந்திரக்காரர் யார் என்று முதல் சுற்றிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, அதுவரை வாயை அடக்குகிற பொறுமை இருப்பவருக்கு லோர் பிரமாதமாக அமையும்.

லோருக்குக் கவசம் லேசானதுதான். ஒரே முறையில் ஆயுதத்தால் இரண்டாவது அடி கிடையாது. உங்கள் கூட்டத்தில் விஸார்டோ, அவரைப் போலவே மந்திரம் போடும் சார்சரரோ இல்லையென்றால் தயங்காமல் லோர் எடுங்கள். எங்கள் வீட்டில் கொழுந்தனின் விஸார்டிடம் ஃபயர்பாலும் கவுன்டர்ஸ்பெல்லும் ஏற்கெனவே இருக்கின்றன. நானும் அவற்றையே எடுத்து வந்தால் ஒரே பண்டத்தை இரண்டு கடையில் விற்பது போலாகும். நாத்தனார் மகனின் விடுதி நண்பர்கள் கூட்டத்தில் ஒரு பார்பேரியன், ஒரு ரேஞ்சர், ஒரு மங்க். முழு மந்திரவாதி ஒருவரும் இல்லை. அங்கே நான்காவதாக வந்த பார்டை லோரில் சேர்க்கச் சொன்னதும் நான்தான்.

ஸ்வோர்ட்ஸைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. இதன் ‘ஃபிளரிஷ்’ தாக்குதல்கள் மூன்று வகை. டிஃபென்ஸிவ் உங்கள் பாதுகாப்பை நான்கு கூட்டும். மொபைல் எதிரியைத் தள்ளிவிட்டு, நீங்கள் விரும்பினால் அவனருகே போய் நிற்கவும் விடும். ஸ்லாஷிங் ஒரே வீச்சில் இரண்டு எதிரிகளைத் தாக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்ஸ்பிரேஷன் செலவு. பகடையின் எண் சேதத்தோடு சேரும். ஸ்லாஷிங்கை வில்லாலோ கைக் குறுவில்லாலோ செய்தால் இரண்டு அம்புகளையும் ஒரே எதிரி மேல் இறக்க முடியும். ஆறாவது லெவலில் இரண்டாவது அடியைத் தரும் எக்ஸ்ட்ரா அட்டாக் வந்ததும் ஒரு ஆக்ஷனில் இரண்டு ஃபிளரிஷ், ஆக நான்கு அம்புகள். நான்காவது லெவலில் ஷார்ப்ஷூட்டர் என்ற கூடுதல் திறமையை (ஃபீட்) எடுத்துவைத்திருந்தால், குறி ஐந்து குறைந்தாலும் ஒவ்வொரு அம்புக்கும் சேதம் பத்துக் கூடும். இதன் புகழுக்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

சொல்லாமல் விட்ட பகுதி இதுதான்: அந்த நான்கு அம்புகளுக்கு இரண்டு பகடைகள் போய்விட்டன. இன்னொரு சுற்று இப்படியே ஆடினால் கையிருப்பு ஏறக்குறையக் காலி. கூட இருப்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. தனியாக விளையாடினால் நான்கு பாத்திரங்களும் உங்களுடையவையே. எவன் அடித்தால் என்ன? மனிதர்களோடு விளையாடும்போது, ஒரு புள்ளியில் குறி தவறிய என் கணவர் “எனக்கு எதுவும் தரவில்லையா?” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு ஷார்ப்ஷூட்டரில் பதில் இல்லை. மூன்றாவது, நான்காவது லெவல்களில் ஸ்வோர்ட்ஸ் பார்ட் வறுமையில்தான் இருப்பான். நீண்ட ஓய்வு வரை எதுவும் திரும்பாது. ஐந்தாவது லெவல் வரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், அல்லது அதுவரை வேறு கல்லூரியில் இருந்துவிட்டு மாறிக்கொள்ளுங்கள்.

யாருக்கு ஸ்வோர்ட்ஸ்? பகடை கொடுத்தால் பயன்படுத்தத் தெரியாத, அல்லது பயன்படுத்தச் சோம்பும் கூட்டாளிகள் வாய்த்தவருக்கு. கேலியாகச் சொல்லவில்லை. திரையில் கேள்வி எழும்போதெல்லாம் ஆட்டம் நிற்கிறது என்று எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. ரியாக்ஷன் பட்டியலில் “கேள்” என்பதை எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவரிடம் பகடை கொடுப்பது வீண். நீங்களே அம்பாக விட்டுவிடுங்கள்.

வேலரை எல்லாரும் கடைசி இடத்தில் வைக்கிறார்கள். என் பார்ட் வேலர்தான். எக்ஸ்ட்ரா அட்டாக் இதற்கும் ஆறாவது லெவலில் உண்டு. நடுத்தரக் கவசம், கேடயம், போர் ஆயுதங்கள் எல்லாம் கிடைக்கும். இந்த விளையாட்டில் மந்திரம் போட வெறுங்கை வேண்டும் என்ற விதி இல்லை என்பதால், ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம் என்று நின்றபடியே ஹீலிங் வேர்ட் சொல்லலாம். இதன் பகடையை வாங்கிய கூட்டாளி, வழக்கமான மூன்று இடங்களோடு, தன் சேதத்திலும் சேர்த்துக்கொள்ளலாம். தன் மேல் அடி விழும்போது பாதுகாப்பு எண்ணிலும் சேர்த்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னதை லேசாக எண்ணாதீர்கள். ஃபைட்டர் கீழே விழாமல் இருக்கும் ஒவ்வொரு சுற்றும், அவரை எழுப்ப நான் ஹீலிங் வேர்டுக்குச் செலவழிக்காத ஒரு சுற்று.

என் அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கோயில் கொடை முடிந்து கலையும் கூட்டம் வீசுகோல் பிடித்துக் கதை சொன்னவரைத்தான் புகழ்ந்துகொண்டு போகும். எனக்கு அந்த இடம் பழக்கமாகிவிட்டதாலோ என்னவோ, சேதக் கணக்கில் என் பெயர் கீழே இருப்பது உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்தும் என்றால் வேலரை எடுக்காதீர்கள்; இரண்டு வாரத்தில் வெறுத்துவிடுவீர்கள்.

வேலரைத் தேர்வதற்கு முன் உங்கள் பாத்திரத்தின் இனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதனும் ஹாஃப் எல்ஃபும் பிறப்பிலேயே கேடயப் பயிற்சி உள்ளவர்கள். கித்யாங்கியும் ஷீல்ட் டுவார்ஃபும் நடுத்தரக் கவசத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கு வேலர் தரும் சீதனத்தில் பாதி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. என் பார்ட் ஹாஃப்லிங் என்பதால் முழுச் சீதனமும் உதவியது. மனிதப் பார்டாக இருந்து, கேடயம் மட்டும்தான் ஆசை என்றால், லோரிலேயே கேடயம் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

கிளாமர் புதியது, பார்க்க அழகானது. ஒரு பகடையைச் செலவழித்து ‘மேன்டில் ஆஃப் இன்ஸ்பிரேஷன்’ போட்டால் அருகில் நிற்கும் கூட்டாளிகள் எல்லாருக்கும் தற்காலிக உயிர்ப்புள்ளிகள் கிடைக்கும். அவர்களை நெருங்கி வந்து அடிக்கும் எதிரி மயங்கிப்போகவும் கூடும். ஆறாவது லெவலில் வரும் ‘மேன்டில் ஆஃப் மெஜஸ்டி’ கமாண்ட் மந்திரத்தை, மந்திரக் கையிருப்பான ஸ்லாட் செலவில்லாமல் சுற்றுக்குச் சுற்று போட விடுகிறது. “போடு” என்று கட்டளையிட்டால் எதிரி கையிலிருக்கும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவான். எங்கள் ரோக் அதைப் பொறுக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கவே இந்தக் கல்லூரியைச் சில நாள் வைத்திருந்தேன். எல்லாரும் ஒட்டி நின்று சண்டை போடுகிற கூட்டத்துக்கு நல்லது. வில்லாளிகள் மூலைக்கொருவராக ஏறி நிற்கும் கூட்டத்தில் மேன்டிலுக்குள் இரண்டு பேர்கூட அகப்படமாட்டார்கள். தற்காலிக உயிர்ப்புள்ளி ஒன்றின் மேல் ஒன்று கூடாது என்பதையும், மயக்கத்துக்கே அசையாத எதிரிகள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். நடுத்தரக் கவசமும் இரண்டாவது அடியும் இதற்கும் இல்லை.

பாத்திரத்தின் திறன் எண்களைப் பற்றிச் சுருக்கமாக. லோருக்கும் கிளாமருக்கும் கரிஸ்மா 17, டெக்ஸ்டெரிட்டி 16, கான்ஸ்டிட்யூஷன் 14, விஸ்டம் 10, மற்ற இரண்டும் 8. புள்ளிகள் சரியாக வந்துவிடும். அம்பு விடும் ஸ்வோர்ட்ஸுக்கு முதல் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். வேலருக்கு நான் லோர் கணக்கையே வைத்திருக்கிறேன், ரேபியர் வாளோடு. இசைக்கருவி எதை எடுத்தாலும் போரில் வித்தியாசம் இல்லை. நான் கைப்பறை எடுத்தேன். ஊருக்குள் வாசித்தால் கூட்டம் கூடிக் காசு போடும், அந்த நேரத்தில் ரோக் கூட்டத்தின் பைகளைப் பார்த்துக்கொள்வான். நான் ஒன்றும் சொல்வதில்லை.

எதை எடுத்தாலும் அது தலையெழுத்து இல்லை. முகாமில் விதர்ஸ் என்ற எலும்பு மனிதர் நூறு தங்கக் காசுக்கு உங்களை முதல் லெவலிலிருந்து மறுபடி கட்டிக்கொள்ள விடுவார். இனம் மாறாது. முதல் அத்தியாயத்தின் இடிபாடுகளில் அவருடைய கல்லறையைத் தவறவிட்டாலும், தானாகவே முகாமுக்கு வந்து சேருவார். எனவே ஐந்தாவது லெவல் வந்ததும் ஒரே சண்டையை நான்கு கல்லூரிகளிலும் சோதித்துப் பாருங்கள். போவதற்கு முன் சேமிக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தைத் தன் கணினியில் நடத்தும் ஹோஸ்ட் வீட்டில் மின்சாரம் போனால் நால்வரின் ஆட்டமும் அதோடு கலைந்துவிடும். இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் மாவட்டத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. நாங்கள் ஹோஸ்ட் பொறுப்பை ஷார்ஜாவுக்குக் கொடுத்துவிட்டோம்.

சோதிக்கும்போது சேதத்தை எண்ண வேண்டாம். கொடுத்த பகடைகளில் எத்தனையை மற்றவர்கள் உண்மையில் பயன்படுத்தினார்கள் என்று எண்ணுங்கள். என் கணவர் ஒன்றையும் விடமாட்டார். ரப்பர் ஷீட்டைத் தராசில் வைக்கிறவர் மாதிரி ஒவ்வொரு புள்ளியையும் பார்ப்பார். கொழுந்தனுக்குக் கொடுத்தால் “மைனி, இது என்ன கேட்கிறது?” என்று கேட்டுவிட்டு வேண்டாம் என்பதை அழுத்துவான். ஒருவர் ஒழுங்காகப் பயன்படுத்தினாலே வேலருக்குப் போதும். ஒருவருமே இல்லையென்றால் லோர் அல்லது ஸ்வோர்ட்ஸ்.

விதர்ஸிடமிருந்து திரும்பும்போது கவசத்தைப் பாருங்கள். வேலரிலிருந்தோ ஸ்வோர்ட்ஸிலிருந்தோ லோருக்கு மாறிய பிறகும் நடுத்தரக் கவசமே உடம்பில் இருந்தால், பயிற்சியில்லாத கவசம் என்று ஒரு மந்திரமும் போட விடாது. கேடயத்துக்கும் இதுதான் விதி. மந்திரப் பட்டியலையும் புதிதாகத்தான் தேர்ந்திருப்பீர்கள். ஹீலிங் வேர்ட் அதில் இருக்கிறதா என்று சண்டைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.